தலைப்பாகைக்குப் பெட்டி எதற்கு?

தொப்பி வாங்கும்போது விலையைத்தான் கேட்போம். வாங்கிய பிறகு அதைப் பாதுகாக்க ஆகும் செலவை யாரும் கேட்பதில்லை. நான் படிப்பது பி.காம். என்பதாலோ என்னவோ, எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முதலில் கண்ணில் படுகிறது :-)

வெள்ளைக்காரர்களின் சோலா தொப்பியை எடுத்துக்கொள்வோம். பழைய படங்களில் துரைமார் அணிந்து வருவார்களே, அதுதான். நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டிலிருந்து செய்வது. தஞ்சாவூரில் சின்னக் கோயில் உருவங்கள் செய்கிறார்களே, அதே நெட்டி! எடை தெரியாது, வெயிலும் தாக்காது. ஆனால் மழையில் நனைந்தால் ஊறிவிடும், பூஞ்சை பிடிக்கும், அழுத்தினால் நசுங்கும். அதனால் அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வேண்டும்.

கம்பளி ஃபெல்ட் தொப்பிக்கு வேறு தொல்லை. அந்துப்பூச்சி அரிக்கும். தண்ணீரில் துவைத்தால் சுருங்கும். பிரஷ் போட்டுத் தூசி தட்டி, விளிம்பு வளையாதபடி கவிழ்த்து வைக்காமல் மல்லாத்தி வைக்க வேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் இதெல்லாம் சாதாரணக் குடிசையில் நடக்கிற காரியமா?

இனி நம்மூர்க் கதைக்கு வருவோம். பழைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்று கட்டுப்பாடுகள் இருந்தன. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்தான் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809-1851). பெற்றோர் அவருக்கு முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். மேல்சாதியினர் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி என்று மாறியது என்கிறார்கள் அய்யாவழி மக்கள். பெயரில்கூட முடி இருக்கக் கூடாதாம்!

அவர்தான் ஆண்கள் தலைப்பாகை கட்டி வணங்க வேண்டும் என்றார். இன்றும் சாமித்தோப்பில் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள்.

அவர் தந்த முடி வெறும் துணி என்பதைக் கவனியுங்கள். பெட்டி வேண்டாம், பிரஷ் வேண்டாம். துவைத்து, கொடியில் உலர்த்தி, மடித்து வைத்தால் போதும். ஈரத்தோடு மட்டும் மடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அய்யாவின் சொற்படி சுமார் 700 குடும்பங்கள் முட்டப்பதி கடற்கரையில் இருந்த தவத்தின் பெயரே 'துவையல் தவசு'. தினமும் குளித்து, துணி துவைத்து உடுத்துவது அதன் முக்கியமான பகுதி.

பின்னால் வந்த காந்தி குல்லாயும் இதே வழிதான். வெள்ளைக் கதர், அழுக்கு உடனே தெரியும், துவைக்கலாம், மடித்துப் பையில் வைக்கலாம்.

பராமரிக்கப் பணம் கேட்கும் தொப்பி சிலருக்குத்தான் கிடைக்கும். சோலா தொப்பி துரைமாரோடு போய்விட்டது. துவைத்துக் கட்டும் தலைப்பாகையோ, அன்றைக்கு எந்த ஏழையின் தலைக்கும் எட்டியது. இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.