லெமான் ஏரியின் வெள்ளைக் கப்பல்கள்

பாய் இல்லை, துடுப்பு வலிக்க ஆளும் இல்லை. நடுவில் ஒரு புகைபோக்கி, இருபுறமும் தண்ணீரை வாரி இறைக்கும் சக்கரங்கள். 1823-ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவாவிலிருந்து இப்படியொரு மரக்கப்பல் புறப்பட்டது. ஸ்விட்சர்லாந்து கண்ட முதல் நீராவிக் கப்பல் அதுதான். கட்டுவித்தவர் ஸ்விஸ்காரர் அல்ல. பிரான்சில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த எட்வர்ட் சர்ச். கப்பலுக்கு ஸ்விஸ் மக்கள் கொண்டாடும் வீரன் வில்லியம் டெல்லின் பெயரைச் சூட்டினார். ஊரார் மனதில் இடம்பிடிக்கத் தெரிந்த வியாபாரி!

ஜெனீவா ஏரி என்று நாம் சொல்வதை அங்குள்ளவர்கள் லெமான் என்கிறார்கள். பிறை வடிவம். நீளம் சுமார் 73 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 310 மீட்டர். வடகரை ஸ்விட்சர்லாந்து, தென்கரையில் பெரும்பகுதி பிரான்ஸ். சர்ச் வரும்வரை இங்கே சரக்கு ஏற்றிச் சென்றவை இரட்டைப் பாய் கட்டிய படகுகள். கரையோரக் குவாரிகளின் கல்லும் காட்டு விறகும் அவற்றில்தான் ஜெனீவாவுக்கு வந்தன. காற்று நின்றால் பயணமும் நின்றது.

சர்ச்சின் கப்பல் நல்ல காசு பார்த்தது. காசு பார்த்தால் போட்டி வராமல் இருக்குமா? அடுத்த சில ஆண்டுகளில் விங்கல்ரீட், லெமான் என்று எதிர்க்கப்பல்கள் வந்துவிட்டன. பல ஊர்களில் அப்போது கப்பல்துறையே கிடையாது. கப்பல் சற்றுத் தள்ளி நிற்கும். பயணிகளையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் சிறு படகில் ஏற்றிப் போய்க் கப்பலின் பக்கவாட்டில் ஏற்றிவிடுவார்கள். அலையடிக்கும் நாளில் அது எத்தனை பேரின் வயிற்றைக் கலக்கியிருக்கும்!

பெரிய இடி ரயில் உருவில் வந்தது. 1858-ல் ஜெனீவாவுக்கும் லோசானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அவசரக்காரர்கள் ரயிலுக்குப் போய்விட, வேடிக்கை பார்க்க வருபவர்களே கப்பலுக்கு மிச்சம். தனித்தனியாக மோதிக்கொண்டிருந்த மூன்று நிறுவனங்கள் 1873-ல் ஒன்றாக இணைந்தன. இன்றுவரை ஏரியில் கப்பல் விடும் சி.ஜி.என். நிறுவனம் பிறந்தது அப்படித்தான். ரயிலை வேகத்தில் வெல்ல முடியாது என்பதை அது சீக்கிரமே புரிந்துகொண்டது. வேகத்தை விட்டுவிட்டுச் சுகத்தை விற்றது: மேல்தளத்தில் முதல் வகுப்புக் கூடம், சாப்பாட்டு மேசை, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஆல்ப்ஸ் மலை.

அந்தச் சுகத்துக்கு ஒருமுறை கொடூரமான விலை கொடுக்க நேர்ந்தது. 1892 ஜூலை 9. லோசான் நகரின் துறையான ஊஷியில் 'மோன் பிளாங்' கப்பலின் கொதிகலன் மேலிருந்த நீராவிக் கூண்டு பிய்த்துக்கொண்டு போனது. கொதிக்கும் நீராவி நேரே முதல் வகுப்புக் கூடத்துக்குள் பாய்ந்தது. 26 பேர் இறந்தார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து இன்னொரு சாவு, அதை உலகமே பேசியது. 1898 செப்டம்பர் 10. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் ஜெனீவாவில் தன் ஓட்டலிலிருந்து கப்பல்துறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். லூயிஜி லுக்கேனி என்ற இத்தாலியன் ஓடிவந்து, கூர்தீட்டிய அரத்தால் அவர் நெஞ்சில் குத்தினான். விழுந்த பேரரசி எழுந்து, யாரோ இடித்துத் தள்ளிவிட்டதாக நினைத்து, நடந்தே கப்பலில் ஏறினார். கப்பலும் கிளம்பிவிட்டது. தளத்தில் அவர் மயங்கிச் சரிந்து, உடையைத் தளர்த்தியபோதுதான் காயம் தெரிந்தது. கப்பல் திரும்பியது. துடுப்புகளையும் பாய்த்துணியையும் கொண்டு தூக்குக்கட்டில் செய்து அவரை ஓட்டலுக்கே தூக்கிப் போனார்கள். அன்று பிற்பகலே உயிர் பிரிந்தது.

அந்தக் கப்பலின் பெயர் 'ஜெனீவ்'. 1896-ல் கட்டியது. நிறுவனம் ஓய்வு கொடுத்த பிறகும் அதை உடைத்துவிடவில்லை. 1974 முதல் ஒரு தொண்டு அமைப்பு அதை ஜெனீவா கரையிலேயே கட்டிவைத்து, வீடும் வேலையும் இல்லாதவர்களுக்குக் காலை உணவு தருகிறது. பேரரசி சரிந்த கப்பலுக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

நிறுவனத்தின் பொற்காலம் பேரரசியின் சாவுக்குப் பிறகுதான் வந்தது. வரிசையாகப் புதுக் கப்பல்கள்: 1904-ல் மோந்த்ரூ, 1907-ல் வெவே, 1908-ல் இத்தாலி, 1910-ல் லா சுவிஸ், 1914-ல் சாவுவா. போர் குறுக்கிட்டதால் சாம்ப்லோன் 1920-ல்தான் ஓடியது. பிறகு எல்வேசி, ரோன். எட்டும் விண்டர்தூர் நகரத்து சுல்சர் தொழிற்சாலையின் படைப்புகள். பாகங்கள் ரயிலில் வந்து, ஊஷியில் ஒன்றுசேர்க்கப்பட்டன. நடுத்தளத்தில் எஞ்சின் திறந்தபடியே இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், ஆள் உயர இரும்புத் தண்டுகள் எண்ணெய்ப் பளபளப்போடு முன்னும் பின்னும் போய்வருவது தெரியும். எஞ்சினை ஒளித்துவைக்காமல் காட்சிக்கு வைத்ததற்காகவே அந்த வடிவமைப்பாளர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

எரிபொருள் செலவும் ஆள்கூலியும் ஏறியதால் 1950-கள் முதல் சில கப்பல்களின் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு டீசல்-மின்சார எஞ்சின்களைப் பொருத்தினார்கள். சக்கரம் சுழன்றது, பார்க்க ஒன்றுமில்லை. மோந்த்ரூவும் அப்படி மாறியதுதான். ஆனால் 2001-ல் அது புத்தம்புதிய நீராவி எஞ்சினோடு திரும்பி வந்தது. செய்தது மறுபடியும் விண்டர்தூர் நகரமே. மாலுமி மேல்தளத்திலிருந்தே அதை இயக்கலாம். நீராவிக்கு ஆள்செலவு அதிகம் என்ற பழைய குற்றச்சாட்டு அதோடு அடிபட்டுப் போனது. 2011-ல் இந்த எட்டுக் கப்பல்களையும் ஸ்விட்சர்லாந்தின் வோ மாநிலம் வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது.

சுற்றுலாவோடு நிறுவனம் நின்றுவிடவில்லை. பிரான்சின் எவியானில் குடியிருந்து லோசானில் வேலை பார்ப்பவர்கள் பலர். அவர்களைத் தினமும் அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விடுவதும் சி.ஜி.என். கப்பல்கள்தான். ரயிலிடம் வேகத்தில் தோற்ற நிறுவனம், ரயில் குறுக்கே போக முடியாத வழியில் அவசரக்காரர்களைத் திரும்பப் பெற்றுவிட்டது.

அடுத்த இதழில் டிட்டிகாக்கா ஏரி: இங்கிலாந்தில் செய்து, துண்டு துண்டாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஆண்டிஸ் மலையேறிய 'யாவரி' கப்பலின் கதை.

(தொடரும்)