ஒரு முகடும் இரு முகடுகளும்

மெத்தில் புரோமைடு, டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடு இரண்டிலும் மேலோட்டமாக நடப்பது ஒன்றுதான்: புரோமின் விலக, அந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி வந்து சேர்கிறது. இரண்டிலும் விளைபொருள்கள் வினைபடுபொருள்களைவிடத் தாழ்ந்த ஆற்றலிலேயே நிற்கின்றன. ஆற்றல் வரைபடத்தின் இரு முனைகளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வகை என்று தோன்றும். வேறுபாடு முழுவதும் நடுவில்தான்.

அந்த நடுப்பகுதியின் வடிவத்தைச் சொல்வது வேக அளவீடு. மெத்தில் புரோமைடு வினையில் ஹைட்ராக்சைடின் செறிவை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது. டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடை நீர் கலந்த எத்தனாலில் கரைத்துச் சிறிது காரம் சேர்த்தாலோ, வேகம் அநேகமாக மாறுவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஹியூஸும் இங்கோல்டும் 1930களில் இத்தகைய அளவீடுகளைக் கொண்டே முதல் வகையை எஸ்என்2 என்றும், மற்றதை எஸ்என்1 என்றும் பிரித்தார்கள்.

எஸ்என்2 வரைபடத்தில் ஒரே முகடு. அதன் உச்சியில் கார்பனின் மூன்று ஹைட்ரஜன்களும் ஒரே தளத்தில் விரிந்திருக்கும். ஒரு பக்கம் பாதி ஒட்டிய ஹைட்ராக்சைடு, எதிர்ப்பக்கம் பாதி விலகிய புரோமின். இந்தக் கிளர்வுற்ற அணைவைத் தனியே பிரித்தெடுக்க முடியாது.

எஸ்என்1 வரைபடத்தில் இரு முகடுகள், இடையே ஒரு பள்ளம். பள்ளத்தில் இருப்பது கார்பன் நேரயனி. ஆயுள் குறைவென்றாலும் அது உண்மையான இடைப்பொருள். பிணைப்பு முறியும் முதல் முகடு உயரமானது. நீர் மூலக்கூறு நேரயனியைச் சட்டென்று பற்றிக்கொள்வதால் இரண்டாவது தாழ்ந்தது. வேகத்தை முதல் முகடே தீர்மானிப்பதால்தான் காரத்தின் செறிவு பொருட்டாவதில்லை. இறுதியில் புரோட்டான் விலகும் படிக்கு மூன்றாவதாக ஒரு சிறு முகடும் உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் அதை வரைவதில்லை.

இரு முகடுகளையும் ஒரே உயரத்தில் வரைவதும், நேரயனியை உச்சியில் குறிப்பதும் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழைகள். முதல் பிழை வேகச் சமன்பாட்டோடு முரண்படுகிறது. இரண்டாவது, இடைப்பொருளையும் கிளர்வுற்ற அணைவையும் ஒன்றாக்கிவிடுகிறது. அடுத்தடுத்து வரும் இரு நிலைகள் ஆற்றலில் நெருங்கினால் அமைப்பிலும் நெருங்கும் என்று 1955இல் ஹாமண்ட் சொன்னது இங்கே உதவும். முதல் உச்சி நேரயனியை ஒத்திருப்பதால், நேரயனியை நிலைப்படுத்தும் மெத்தில் தொகுதிகள் பள்ளத்தோடு முகட்டையும் தாழ்த்துகின்றன.

ஐசோபுரோப்பைல் புரோமைடு போன்ற இடைப்பட்ட சேர்மங்களில் கரைப்பானையும் காரத்தையும் பொறுத்து இரு வழிகளும் போட்டியிடலாம். அங்கே வேக அளவீட்டைப் பார்க்காமல் வரையும் படம் வெறும் ஊகமே.