பொழுதும் கெழுவும்

பசுமலையில் வாழும் நமக்கு நாவலர் சோமசுந்தர பாரதியாரின் (1879–1959) நினைவு இவ்வூரோடு ஒன்றிய நினைவாகும். எட்டயபுரத்தில் பிறந்து பசுமலையைத் தம் இருப்பிடமாகக் கொண்ட அப்பெருமகனார், தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியல் முதலிய சில இயல்களுக்குப் புத்துரை கண்டவர். அவ்வதிகாரம் முதற்பொருள் என வகுப்பவை இரண்டே: நிலமும் பொழுதும். நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் வெப்பக் கணிதத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு அவ்விரண்டுமே காரணம். ஒரு பொருளில் வெப்பம் பரவுமாற்றைக் கூறும் சமன்பாட்டிற்கும் இடமும் காலமுமே முதற்பொருள்கள்.

அச்சமன்பாட்டை வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஃபூரியே. 1807-இல் அவர் தம் ஆய்வுரையைப் பாரிசு அறிஞர் கழகத்தின் முன் வைத்தபோது, லக்ராஞ்சு முதலான நடுவர்கள் ஐயுற்றனர். 1812-இல் பரிசு கிடைத்தது. ஆயினும் நிறுவலில் திட்பம் போதாது என்ற குறையும் உடன் கூறப்பட்டது. நூலாக வெளிவந்தது 1822-இல்தான். அவர் கொள்கையின் சாரம் எளியது. ஓரிடத்தின் வெப்பநிலை, அதன் அண்டை இடங்களின் சராசரியினின்றும் எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவுக்கு விரைவாக அச்சராசரியை நோக்கி மாறும். அவ்விரைவை வரையறுக்கும் எண்ணே கெழு. இரும்புக்கு ஒரு கெழு. மண்ணுக்கு வேறொரு கெழு. காலம் செல்லினும் அது மாறாது என்று கொண்டே அடிப்படைத் தீர்வுகள் காணப்பட்டன.

மாறாக் கெழுவும் பல உண்மைகளை விளக்கவே செய்தது. கோடையின் வெப்பம் மண்ணுள் அலைபோல் இறங்குகிறது. இறங்க இறங்க வலி குன்றுகிறது, காலமும் தாழ்க்கிறது. ஏறத்தாழ ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் அவ்வலை அரையாண்டு பிந்தி வந்து சேரும். மேலே வெயில் கொளுத்தும் நாளில் கீழே பனிக்காலத்தின் தண்மை தங்கியிருக்கும். ஆனால் அங்குள்ள ஏற்றத்தாழ்வு மேற்பரப்பில் உள்ளதில் இருபத்து மூன்றில் ஒரு பங்கே. எடின்பரோவில் ஃபோர்ப்சு 1837 முதல் நிலத்துள் வெப்பமானிகளைப் புதைத்துப் பெற்ற அளவுகளை, கெல்வின் 1860-இல் இக்கணக்கு வழியே ஆராய்ந்தார்.

அதே கெல்வின் 1862-இல் மேலும் துணிந்தார். உருகிய உருண்டையாக இருந்த பூமி இன்றைய நிலைக்குக் குளிர எத்துணைக் காலம் ஆகியிருக்கும் என்று வினவி, ஏறத்தாழ 9.8 கோடி ஆண்டுகள் என விடை கண்டார். 1897-இல் அதனை 2 கோடி முதல் 4 கோடி வரை எனக் குறுக்கினார். இன்று நாம் அறியும் அகவையோ 454 கோடி ஆண்டுகள். கணக்கில் பிழையில்லை, கொள்கோளில்தான் பிழை. பூமி முழுவதற்கும் ஒரே கெழு என்று அவர் கொண்டுவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரியே 1895-இல் அதனைச் சுட்டிக்காட்டினார். பூமியின் உட்பகுதி வெப்பத்தை மேலும் எளிதாகக் கடத்துமாயின், அகவை பன்மடங்கு பெருகும் என்பது அவர் வாதம். ஆசிரியர் ஏற்கவில்லை, காலம் மாணவர் பக்கமே நின்றது.

கெழு இடத்திற்கு இடம் வேறுபடுவது ஒரு சிக்கல். காலத்திற்குக் காலம் வேறுபடுவது மற்றொன்று. மதுரைச் சமவெளியின் மண்ணையே எண்ணிப் பாருங்கள். வறண்ட மண்ணின் துகள்களிடையே காற்று நிற்கிறது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. மழை பெய்து அவ்விடைவெளியில் நீர் புகுந்தால் கடத்துதிறன் உயர்கிறது. ஆனியில் ஒரு கெழு, ஐப்பசியில் வேறொன்று.

இத்தகைய சமன்பாட்டிற்குத் தீர்வு உண்டா? மண் முழுதும் ஒரே சீராக மாறுமாயின், உண்டு. அதன் வழியும் அழகியது. கெழுவைத் திருத்த வேண்டா, காலத்தைத் திருத்துக! கெழு இருமடங்காக உள்ள திங்களை இரு திங்களாக எண்ணுக. பாதியாகக் குறைந்த திங்களை அரைத் திங்களாக எண்ணுக. இவ்வாறு கூட்டிவரும் புதிய காலக் கணக்கில் கெழு மாறா எண்ணாகிவிடும். பழைய தீர்வே பொருந்தும். மேற்பரப்பின் வெப்பநிலை நாளுக்கு நாள் மாறுவதையும் அப்புதிய காலத்தில் எழுதிக்கொண்டால், 1833-இல் டுகாமெல் தந்த முறை கைகொடுக்கும். மாற்றத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியும் விட்டுச்செல்லும் விளைவைத் தொகுப்பதே அம்முறை.

ஆயின் இவ்வழிக்கும் எல்லையுண்டு. மேற்பரப்பிலிருந்து காற்று வெப்பத்தைக் கவரும் கெழு, வீசும் வேகத்திற்கேற்பத் தனியே மாறுமாயின், ஒரு கடிகாரம் இரண்டிற்கும் ஒத்துவராது. அப்போது சிக்கல் தொகையீட்டுச் சமன்பாடாக உருமாறும். பெரும்பாலும் தோராயத் தீர்வே கிட்டும்.

நம் நாட்டில் நிலத்தின் வெப்பத்தை ஊன்றி ஆராய்ந்தவர், 1900-இல் பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராம்தாஸ். 1932-இல் புனேயில் அமைந்த வேளாண் வானிலைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். கரிசல் மண்மீது வெண்பொடி தூவி, நிலத்தின் வெப்பம் தணிவதைச் சோதித்துக் காட்டினார். மேற்பரப்பு வெயிலை ஏற்கும் அளவு என்றும் ஒன்றாக இருப்பதன்று, ஒரு கைப்பொடியால் மாறக்கூடியது என்பதை அவ்வயல் மெய்ப்பித்தது.

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். பாலை என்பது தனி நிலமன்று. கதிரவனின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பெறும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் மதுரைக் காண்டத்தில் தரும் விளக்கம். நிலத்தின் இயல்பையே பொழுது மாற்றும் என்ற நுண்ணுணர்வு அதில் உளது. இதனால் நம் முன்னோர் வெப்பச் சமன்பாட்டை அறிந்திருந்தனர் என்று கூறல் ஒவ்வாது. அவ்வாறு கூறுவது தொல்காப்பியர்க்கும் ஃபூரியேக்கும் ஒருங்கே இழைக்கும் தவறாகும். அவர்கள் கண்டது வேறு, இவர்கள் கணித்தது வேறு. ஆயினும் மாறுவதை மாறாதது என்று கொள்ளாத விழிப்பு இருவழியிலும் வேண்டப்படுவது.

கெழு என்னும் சொல்லையே காண்க. தொல்காப்பிய உரியியல் அதற்கு நிறம் என்று பொருள் கூறும். இன்று அதே சொல் பள்ளிக் கணித நூல்களில் வழங்குகிறது. பழஞ்சொல் புதுப்பொருளைத் தாங்கி நிற்கும் வலிமை உடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பாவலராகிய நாம் அச்சொற்களை அஞ்சாது ஆளவேண்டும். அவற்றின் பொருளைத் திரிக்காது ஆளவேண்டும். நாவலர் உரை கண்ட இம்மண்ணில் அடுத்த பத்தாண்டில் நாம் ஆற்றவேண்டிய பணிகளுள் அதுவும் ஒன்று.