வானத்தை மீட்ட கண்ணாடித் துண்டு

1866ஆம் ஆண்டில் சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர், இன்றைய இமாசலப் பிரதேசத்திலுள்ள மணிரங் கணவாயில், ஏறத்தாழ 18,600 அடி உயரத்தில் ஒளிப்படம் எடுத்தார். மரக் கேமரா, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள், தகட்டை அங்கேயே பூசிக் கழுவுவதற்கான இருட்டுக் கூடாரம் என அனைத்தையும் சுமைகூலிகள் முதுகில் ஏற்றிச் சென்றனர். அக்காலத்து இமயப் படங்களைப் பார்ப்பவருக்கு ஒரு குறை உடனே தென்படும். மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும். அவற்றின் மேலே வானம் பெரும்பாலும் வெற்றுத் தாளாக இருக்கும்.

குறை கலைஞருடையது அன்று, தகட்டினுடையது. ஈரக் கொலோடியன் தகடு நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும். நீல வானும் வெண்மேகமும் அதற்கு ஒன்றே. இருண்ட காட்டுக்குப் போதிய ஒளி கிடைக்கும்வரை காத்திருந்தால், அதற்குள் வானம் அளவு மீறிப் பதிந்துவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு ஒரு தகடும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகக் கூட்டம் அவருடைய வெவ்வேறு கடற்காட்சிகளில் மிதப்பதும் உண்டு!

1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயமேற்றிய தகடு பச்சை ஒளியையும் உணர்வதைக் கண்டறிந்தார். 1906இல் லண்டனுக்கு அருகே ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம், சிவப்பு வரை எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை விற்கத் தொடங்கியது. அவற்றுக்கும் நீலத்தின்மேல் மோகம் தணியவில்லை. அதை அடக்குவதற்கே லென்ஸின் முன் மஞ்சள் வடிப்பான் வந்தது. நீலத்தில் ஒரு பகுதி தடுக்கப்பட, வானம் கருக்க, மேகம் வெளிப்பட்டது. சிவப்பு வடிப்பான் இன்னும் கடுமையானது. 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஆன்சல் ஆடம்ஸ் ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் வடிப்பானுடன் எடுத்தார். நிறைவு கொள்ளாமல், மிஞ்சியிருந்த ஒரே தகட்டை அடர்சிவப்பு வடிப்பானுடன் ஐந்து விநாடிகள் திறந்துவைத்தார். ஏறத்தாழக் கரிய வானத்தின் முன் எழும் அந்தப் பாறையைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

(சோற்றை வடிக்கும்போது நாம் வைத்துக்கொள்வது தங்கியதை, ஒளியை வடிக்கும்போது வைத்துக்கொள்வது கடந்து சென்றதை. ஆயினும் தமிழுக்கு இரண்டும் வடித்தலே. சிலையையும் நாம் வடிக்கத்தான் செய்கிறோம்.)

ஐந்து விநாடி என்பது முக்காலியில் நிற்கும் பெரிய கேமராவுக்கு இயலும். 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா, கையில் பிடிக்கும் கருவி, 24×36 மி.மீ. பிலிம். வழக்கமான சிவப்பு வடிப்பான் எட்டு மடங்கு ஒளி கேட்கும். நூறில் ஒரு விநாடி போதுமான காட்சிக்கு, அதை மாட்டியபின் பன்னிரண்டில் ஒரு விநாடி வேண்டும், கை நடுங்கும். மேலும், இவ்வகைக் கேமராவில் கண் பார்க்கும் சாளரம் வேறு, லென்ஸ் வேறு. வடிப்பான் செய்யும் மாற்றத்தை மனத்தில்தான் காண வேண்டும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பழக்கம் போதும். அடுத்து வந்த வடிப்பானுக்குப் பழக்கம் போதவில்லை.

அதன் முன்கதை ஒரு கப்பலில் நிகழ்ந்தது. 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பிய, திருச்சிராப்பள்ளியில் பிறந்த கல்கத்தாப் பேராசிரியர் சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். கடல் வானத்தின் நீலத்தையே எதிரொளிக்கிறது என்பது ராலே பிரபுவின் கருத்து. இராமனிடம் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைத் தக்கவாறு திருப்பினால் அது மறையும். அவ்வாறு வானத்தின் பிம்பத்தை நீக்கிப் பார்த்தபோது, நீலம் மங்குவதற்கு மாறாக மேலும் செறிந்தது. அந்நிறம் நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் எழுவது என்று நேச்சர் இதழுக்கு எழுதினார். அந்த வினாவின் தொடர்ச்சிதான் 1928இன் இராமன் விளைவு.

இராமன் கண்ணுக்குச் செய்ததை லென்ஸுக்குச் செய்யத் தடையாக இருந்தது பட்டகத்தின் பொருள். கால்சைட் படிகத்தைப் பெரிய லென்ஸை மூடும் அளவுக்கு மெல்லிய தகடாகச் செய்ய இயலாது. எட்வின் லேண்ட் வேறு வழி கண்டார். 1852இல் வில்லியம் ஹெரபாத் அறிவித்த நுண்படிகங்களை ஒரே திசையில் அடுக்கிப் படலமாக்கினார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குயினைன் ஊட்டப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடின் விழுந்தபோதுதான் அப்படிகங்கள் முதலில் தென்பட்டன. 1934இல் கோடாக் நிறுவனம் இப்படலத்தைக் கேமரா வடிப்பானாக வாங்க ஒப்பந்தம் செய்தது.

இது சுழற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டிய வடிப்பான். சாளரக் கேமராக்காரர்கள் அதைக் கண்ணருகே பிடித்துத் திருப்பி, விளிம்புக் குறியை நினைவில் கொண்டு, அதே நிலையில் லென்ஸில் மாட்டினர். 1936இல் வந்த கினே எக்ஸாக்டா போன்ற, லென்ஸ் வழியாகவே பார்க்கும் சிறு கேமராக்கள் இந்தத் தொல்லையைத் தீர்த்தன.

இன்று கைப்பேசியில் எடுத்த படத்தைப் பின்னர் கறுப்பு வெள்ளையாக்கி, ஆடம்ஸின் சிவப்பு வடிப்பானை விரல் நுனியில் வரவழைக்கலாம். மூன்று நிறங்களின் அளவும் படத்தில் தனித்தனியே பதிந்திருக்கின்றன. ஆனால் ஒளி எந்தத் தளத்தில் அதிர்ந்தது என்பதை வழக்கமான கேமராவின் உணரி பதிவதே இல்லை. நீரின் பளபளப்பின் கீழிருக்கும் கூழாங்கல்லை, படம் எடுத்தபின் எந்தச் செயலியாலும் உண்மையாக மீட்க முடியாது. அதற்கு இன்றும் லென்ஸின் முன் ஒரு கண்ணாடித் துண்டைத் திருப்பியாக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வானத்தின் தளவிளைவு சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான் மிகுதி. கைப்பேசியின் அகன்ற லென்ஸ் வானின் பெரும்பகுதியை அள்ளிக்கொள்வதால், நடுவில் ஒரு கருநீலப் பட்டை தோன்றி இருபுறமும் வெளிறிப்போகும்.