ஒண்ணுமில்லன்னு வந்த லிஸ்ட்

இந்த எபிசோடை திண்டிவனத்துல எங்க வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க, பைபாஸ் ரொம்பப் பக்கம்.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து ஒரு சின்ன ப்ராஜெக்ட் பண்ணோம். கிளவுட்ல மெஷின் வாடகைக்கு எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு, வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சிட்டோம்னு நினைச்சு மறந்தே போனோம். மூணாவது மாசம் என் கார்டுல இருந்து 38,000 ரூபாய் போயிருந்தது. அம்மா கண் ஆபரேஷனுக்குன்னு எடுத்து வச்சிருந்த பணம் அது. பதறிப்போய் டெர்மினலைத் திறந்து, என் பேர்ல என்னென்ன மெஷின் ஓடுதுன்னு லிஸ்ட் கேட்டேன். ரெண்டு அடைப்புக்குறி வந்தது, நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆனா பில் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது.

மெஷின் இருந்தது வேற ரீஜன்ல. நான் கேட்டது மும்பையில. எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா தப்பு முழுக்க என்னோடது. ஆனா அன்னைலேருந்து ஒரு கேள்வி மண்டையிலேயே இருக்கு. "என்கிட்ட என்ன இருக்கு?"ங்கிறது எவ்வளவு சாதாரணக் கேள்வி! அதுக்குப் பதில் வாங்குறது ஏன் இவ்வளவு கஷ்டமாச்சு?

கம்ப்யூட்டர்ல இந்தக் கேள்விக்கு வயசு அறுபதுக்கும் மேல. 1960கள்ல எம்ஐடியில ஓடின சிடிஎஸ்எஸ் சிஸ்டத்துல 'லிஸ்ட்எஃப்'னு ஒரு கட்டளை, உங்க ஃபைல்களை வரிசையா காட்டும். அடுத்து வந்த மல்டிக்ஸ்ல அது 'லிஸ்ட்' ஆச்சு. பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் எழுதினப்ப அது இன்னும் சுருங்கி 'எல்எஸ்' ஆச்சு. 1971 நவம்பர்ல வந்த யூனிக்ஸோட முதல் கையேட்டிலேயே எல்எஸ் இருக்கு. இவ்வளவு கஞ்சத்தனம் எதுக்குன்னா, அப்போ ஸ்கிரீன் கிடையாது. டைப்ரைட்டர் மாதிரி ஒரு டெலிடைப், நொடிக்கு பத்து எழுத்துதான் அடிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலும் வலிக்கும், நேரமும் போகும். ஆனா ஒரு வசதி இருந்தது. எல்எஸ் கேட்கிற டிஸ்க் அதே கட்டடத்துல இருந்தது. இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்ல.

கிளவுட் வந்ததும் அது மாறிடுச்சு. அமேசான் 2006 மார்ச்ல எஸ்3யும், ஆகஸ்ட்ல ஈசி2வும் கொண்டு வந்தாங்க. ஈசி2வை கமாண்ட் லைன்ல இயக்க ஜாவாவுல எழுதின ஒரு டூல் செட் இருந்தது. அதுக்கு முதல்ல உங்க மெஷின்ல ஜாவா போடணும், அது ஒரு தனி சோகக் கதை. அப்போ இருந்தது அமெரிக்காவில ஒரே ஒரு ரீஜன், அதனால லிஸ்டும் ஒண்ணுதான். 2008 டிசம்பர்ல ஐரோப்பா ரீஜனுக்கு ஈசி2 வந்தப்ப கணக்கு ரெண்டாப் பிரிஞ்சது. அப்புறம் ரீஜன்கள் பெருகி, 2016 ஜூன்ல மும்பையும் வந்தது. 2013 செப்டம்பர்ல எல்லா சர்வீஸுக்கும் பொதுவா பைத்தான்ல எழுதின ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ முழுசா வெளியாச்சு. டூல் ஒண்ணாச்சே தவிர லிஸ்ட் ஒண்ணாகல. மெஷின்களுக்கு ஒரு கட்டளை, டேட்டாபேஸுக்கு வேற கட்டளை. சில சர்வீஸ்ல 'லிஸ்ட்'னு கேட்கணும், சிலதுல 'டிஸ்க்ரைப்'னு கேட்கணும். எந்த ரீஜன்னு சொல்லலன்னா, கான்ஃபிக் ஃபைல்ல இருக்கிற ரீஜன்ல மட்டும் பார்த்துட்டு வந்து நிக்கும்.

இதை சோம்பேறித்தனம்னு சொல்ல முடியாது, இதுக்குக் காரணம் இருக்கு. ஒரு ரீஜன் விழுந்தா இன்னொண்ணு விழக்கூடாது, அதுக்காக ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்லாம கட்டியிருக்காங்க. சம்பந்தமில்லன்னா கணக்குப்பிள்ளையும் தனித்தனிதான். அமேசான்ல ரீஜன் தாண்டித் தேடுற ரிசோர்ஸ் எக்ஸ்ப்ளோரர் வந்ததே 2022 நவம்பர்லதான். மைக்ரோசாஃப்ட் அஷ்யூர்ல கதை கொஞ்சம் வேற. அங்க ஒரே கட்டளை உங்க சந்தா முழுக்க இருக்கிறதைக் காட்டும். அதை நான் முன்னாடியே பார்த்துப் பழகிட்டதால, எல்லா இடத்துலயும் அப்படித்தான்னு நம்பிட்டேன்.

இப்போ எங்க ஊர்ப்பக்கம் வர்றேன். விழுப்புரம் மாவட்டத்துல, விக்கிரவாண்டி பக்கம் எண்ணாயிரம்னு ஒரு ஊர் இருக்கு. அங்க இருக்கிற அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில்ல முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, பதினோராம் நூற்றாண்டு. அங்க நடந்த ஒரு வேதக் கல்லூரியோட கணக்கு அது. ரிக் வேதம் படிக்க 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75, அதர்வணத்துக்கு 10, ரூபாவதாரம்ங்கிற இலக்கணத்துக்கு 40 பேர்னு போய் மொத்தம் 270 இளைய மாணவர்கள். மேல்படிப்புல வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10, ஆக 70 பேர். ஆசிரியர்கள் 14 பேர். இளையவருக்கு நாளுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி ரெண்டு நாழி. இதுக்கெல்லாம் 45 வேலி நிலம்.

பழக்க தோஷம், நான் பெருக்கிப் பார்த்தேன். குறுணிக்கு எட்டு நாழி, கலத்துக்கு பன்னெண்டு குறுணின்னு வச்சா, மாணவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 24 கலம் ரெண்டு குறுணி நெல். என்ன இருக்கு, எத்தனை, தினம் எவ்வளவு செலவு, அந்தக் காசு எங்கிருந்து வருது, எல்லாம் ஒரே இடத்துல. எனக்கு அந்த மூணு மாசம் கிடைக்காதது இந்த லிஸ்ட்தான்.

ஆனா அதுல ஒரு பேர்கூட இல்லங்க. 340 மாணவர்கள், வெறும் எண்ணிக்கை. அதுக்கு முன்னாடி ராஜராஜன் தஞ்சாவூர்ல வெட்ட வச்சது வேற மாதிரி. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் தெரு, சிறகு, வீட்டு எண், பேர், எந்தக் கோயில்லேருந்து வந்தாங்கங்கிறது வரைக்கும் சொல்றாங்க, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். கிளவுட்ல ஒவ்வொரு பொருளுக்கும் அக்கவுண்ட், ரீஜன், அடையாள எண்ணுன்னு ஒரு நீள முகவரி வரும் பாருங்க, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனா அந்த முகவரி அந்தப் பெண்களுக்காக எழுதினதுன்னு எனக்குத் தோணல. நெல் அளக்கிறவருக்காக எழுதினது.

இதை அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தப்ப அவர் சிரிச்சார். "உனக்கு ரீஜன், எனக்கு தாலுகா"ன்னார். தாத்தாவுக்கு எங்கேயோ கொஞ்சம் நிலம் இருக்குன்னு வீட்ல எப்பவும் ஒரு பேச்சு உண்டு. 1980ல எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழிக்கிற வரைக்கும், இந்த மாதிரி விஷயத்துக்கு கர்ணம்தான் பதில். வாயைத் திறந்து கேட்கணும், அவருக்கு மனசு வந்தா சொல்வார். அந்த நிலைமை போனது நல்லதுக்குத்தான். இப்போ பட்டா, சிட்டா எல்லாம் ஆன்லைன்ல இருக்கு. ஆனா முதல்ல மாவட்டம் சொல்லணும், தாலுகா சொல்லணும், கிராமம் சொல்லணும், அப்புறம்தான் பட்டா எண்ணோ சர்வே எண்ணோ. எங்க தாத்தாவோடதெல்லாம் காட்டுன்னு கேட்க முடியாது.

அப்பா மூணு நாள் திண்டிவனம் தாலுகாவுல அந்த கிராமத்தைத் தேடியிருக்கார். காணோம். அப்புறம் அத்தைதான் போன்ல, "அது இப்போ மரக்காணம் தாலுகாண்ணா"ன்னு சொன்னாங்க. திண்டிவனத்துலேருந்து மரக்காணத்தைப் பிரிச்சு தனி தாலுகா ஆக்கினது இவர் மனசுல ஏறவே இல்ல. மாத்திப் போட்டதும் வந்தது, 62 சென்ட், கூட்டுப் பட்டா. தாத்தா பேரோட நாங்க கேள்வியே படாத இன்னொரு பெண் பேரும் அதுல இருக்கு. தாத்தாவோட அக்காவா இருக்கலாம்னு அத்தை சொல்றாங்க.

என் பக்கம் என்ன ஆச்சுன்னா, எல்லா ரீஜனையும் ஒவ்வொண்ணா சுத்தி வந்து கேட்கிற மாதிரி பதினோரு வரியில ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடிட்டிருந்த மெஷினை அன்னைக்கே நிறுத்திட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ரெண்டு மாசம் தள்ளிப் போய், நல்லபடியா முடிஞ்சது. அந்த ஸ்கிரிப்ட் இன்னும் ஒண்ணைக் காட்டுச்சு, எந்த மெஷினோடயும் ஒட்டாம தனியா கிடக்கிற ஒரு டிஸ்க். மெஷினை அழிச்சாலும் டிஸ்க் தங்கிட வாய்ப்பிருக்கு, அதுக்கும் வாடகை ஓடும். 'அழிக்காதே'ன்னு பேர் வச்சிருக்கு. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் நான் வைக்கலங்கிறாங்க. நானும் வைக்கல. மாசா மாசம் காசு கட்டிட்டிருக்கேன்.