சிறு அலுவலகத்துக்கு நெட்வொர்க் வந்த வழி

சிறு அலுவலகங்களில் கணினிகளை இணைக்கும் வழக்கம், விலை கூடிய சாதனங்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் தேவையிலிருந்து பிறந்தது. 1983இல் அமெரிக்காவில் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். மறு ஆண்டு வந்த எச்பி லேசர்ஜெட் பிரிண்டரின் விலை 3,495 டாலர். மேசைக்கு ஒன்று வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

இணைக்கும் நுட்பத்தின் வேலை பத்தாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1973இல் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினர். டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 1980இல் வெளியிட்ட வரையறையில் அதன் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். ஆனால் அதற்கான கேபிள் விரல் பருமன் இருந்தது, எளிதில் வளையாது. கணினியை இணைக்க, கேபிளின் உறையைத் துளைத்து உள்கம்பியைத் தொடும் கருவியைப் பொருத்த வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது ஒத்துவரவில்லை.

அந்த இடத்துக்கு ஏற்றதாக வந்தது மெல்லிய கோஆக்சியல் கேபிள். ஒரு துண்டு 185 மீட்டர் வரை ஓடலாம். 30 கணினிகள் வரை சேர்க்கலாம். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் 'டி' வடிவ இணைப்பி ஒன்று. கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். மலிவு, எளிது, ஆனால் பெருந்தொல்லை. கூட்டுபவரின் துடைப்பம் பட்டு ஓரிடத்தில் இணைப்பு நழுவினாலும் அந்தத் துண்டு முழுவதும் நின்றுவிடும். எங்கே விட்டுப்போயிற்று என்று தேட மேசை மேசையாகக் குனிய வேண்டும்.

மென்பொருள் பக்கம் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் வேரூன்றியது. வெறும் டிஸ்க்கைப் பங்கிட்டுக் கொடுத்த முந்தைய ஏற்பாடுகளைப்போல் அல்லாமல், கோப்புகளைப் பொறுப்பேற்று நிர்வகிக்கும் சர்வர் ஒன்றை அது முன்வைத்தது. ஒரே கணக்கு ஏட்டை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினாலும் ஒருவர் பதிவை மற்றவர் அழித்துவிடாதபடி பூட்டிவைக்க அதில் வழி இருந்தது. வணிகர்களுக்கு வேகத்தைவிட இதுவே பெரிது. தனி சர்வருக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்களுக்கு 1992இல் விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் வந்தது. கணினிகள் தங்களுக்குள்ளேயே கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொண்டன.

கேபிள் தொல்லை தீர்ந்தது 1990இல். தொலைபேசிக் கம்பியைப்போல் முறுக்கிய இணைக் கம்பிகளில் ஈதர்நெட்டை ஓட்டும் தரநிலை அந்த ஆண்டு ஏற்கப்பட்டது. வேகம் பழைய 10 மெகாபிட்தான். மாறியது அமைப்பு: ஒவ்வொரு மேசையிலிருந்தும் 100 மீட்டருக்குள் தனிக் கம்பி, எல்லாம் வந்து சேரும் இடத்தில் ஒரு ஹப். ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணினி மட்டும் நிற்கும். எது என்பதை ஹப்பின் விளக்கே காட்டிவிடும். நெட்வொர்க் பராமரிப்பு சாதாரண அலுவலகத்தின் கைக்குள் வந்தது இதனால்தான் எனலாம்.

ஹப் ஒரு கணினி அனுப்புவதை எல்லாக் கணினிகளுக்கும் ஒலிபரப்பும். உரியவருக்கு மட்டும் அனுப்பும் சுவிட்சை கல்பனா என்ற கலிஃபோர்னிய நிறுவனம் 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஏழு இணைப்புகளே இருந்தன. நிறுவனர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கிக்கொண்டது. விலை இறங்க இறங்க சுவிட்ச் ஹப்பை ஒழித்துக்கட்டியது. 1999இல் 11 மெகாபிட் வைஃபை தரநிலை வந்தபின் மடிக்கணினிகள் கம்பியிலிருந்து விடுபட்டன. ஆனால் வைஃபை பெட்டிக்கே சுவிட்சிலிருந்து ஒரு கம்பி போகத்தான் வேண்டியிருந்தது.