'மூரிஷ்' என்னும் பெயரடையும் கல்முனைக் கரையும்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ பிறந்த முஸ்லிம் குழந்தையொன்றின் பிறப்புச் சான்றிதழில், இனத்தைக் குறிக்குமிடத்தில் 'இலங்கைச் சோனகர்' என எழுதுவது வழக்கம். இப்பிரிவினையே ஆங்கில ஆவணங்கள் 'மூர்' என்கின்றன. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்றே நாம் கொள்கிறோம். ஆயின் இவ்விரு சொற்களும் வெவ்வேறு கண்டங்களிற் பிறந்தவை. அவற்றின் வரலாற்றை ஆராயுமிடத்து, ஒரு மக்கட் கூட்டத்துக்குப் பெயரிடும் உரிமை யாருடையது என்னும் வினா எழுகின்றது.

முதற்கண் ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். 'மூர்' என்னும் பெயரும் அதன் பெயரடையாகிய 'மூரிஷ்' என்பதும் 'மௌருஸ்' என்ற இலத்தீன் மூலத்தின் வழிவந்தவை. இன்றைய மொரோக்கோவும் மேற்கு அல்ஜீரியாவும் அடங்கிய நிலப்பகுதியை உரோமர் மௌரெத்தானியா என்றனர். அந்நிலத்து மக்களே மௌருஸ் எனப்பட்டனர். 711ஆம் ஆண்டில் அராபியரும் பேர்பரும் ஐபீரியாவுட் புகுந்தபின், நாட்டைச் சுட்டிய அச்சொல் படிப்படியாகச் சமயத்தைச் சுட்டலாயிற்று. இன்று ஆங்கிலத்தில் 'மூரிஷ்' என்றவுடன் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா மாளிகையும் அக்காலக் கட்டடங்களின் வளைவுகளுமே பெரும்பாலும் நினைவுக்கு வரும்.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், தம் நாட்டில் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயரையே இங்கு கண்ட முஸ்லிம்களுக்கும் இட்டனர். மொரோக்கோவைக் கண்டிராத மக்கள் இவ்வாறு மூர் ஆயினர். பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அப்பெயரைத் தொடர்ந்து வழங்கினர். பிலிப்பைன்ஸின் தென்பகுதி முஸ்லிம்களை ஸ்பானியர் 'மோரோ' என அழைத்ததும் இவ்வகையினதே.

'சோனகர்' என்ற சொல்லும் அவ்வாறே தொலைவிலிருந்து வந்தது. சின்னாசியாவின் மேற்குக் கரையிலிருந்த அயோனியா என்னும் கிரேக்க நிலத்தின் பெயர் பாரசீகத்தில் 'யௌன' என்றும், வடமொழியில் 'யவன' என்றும், பாளியில் 'யோனக' என்றும் திரிந்தது. அதன் வழிவந்ததே 'சோனகர்' என்பர். பழைய உரைகாரர் யவனர் என்பதற்குச் சோனகர் எனப் பொருள் கூறுவதும் ஈண்டு நோக்கத்தக்கது. முதலிற் கிரேக்கரைக் குறித்த பெயர், மேற்றிசையிலிருந்து கடல்வழி வந்தோர்க்குப் பொதுவாகிப் பின்னர் முஸ்லிம்களுக்கு உரியதாயிற்று.

சொல்லாராய்ச்சியாக மட்டும் இது நின்றுவிடவில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், மொழியையும் வழக்கங்களையும் சான்றாகக் காட்டி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டப்பட்ட காலம் அது. 1889இல் எம். சீ. அப்துல் றகுமான் அச்சபைக்கு நியமனம் பெற்றார். இராமநாதனுக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதி, சோனகரின் அராபிய வழித்தோன்றலை வலியுறுத்தினார். ஒரு பெயரின் பொருளைப் பற்றிய வழக்கு, அரசியல் உரிமை பற்றிய வழக்காக மாறியது இவ்வாறே.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கைச் சோனகரும் இந்தியச் சோனகரும் வேறாகக் கணக்கிடப்பட்டனர். பின்னவரை ஆங்கிலத்தில் 'கோஸ்ட் மூர்' என்பதும் உண்டு. 'கரை' என்று அது சுட்டுவது தென்னிந்தியக் கரையையே. ஆகவே கல்முனைக் கரையில் வாழ்வோர் அச்சொல்லின்படி கரையோரச் சோனகர் அல்லர்!

இவ்விவாதம் பெரிதும் கொழும்பில் நிகழ்ந்தது. கிழக்குக் கரையின் நிலையோ வேறு. 1626 அளவில் போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பலரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. வயலும் கடலும் அடுத்திருக்கும் இக்கரையில் முஸ்லிம்களும் தமிழரும் அண்டையூரவராயினர். தாய்வழியே தொடரும் 'குடி' முறை இரு சாராரிடமும் உண்டு. திருமணத்தின்பின் கணவன் மனைவியின் வீட்டில் வாழ்வதும், பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் இருவர்க்கும் பொதுவான வழக்கங்கள். பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிதோறும் மரைக்காயர் அமைந்திருந்ததும் குறிப்பிடத்தக்கது.

தந்தைவழி அராபியர் என்ற வாதமும், மொழிவழி தமிழர் என்ற வாதமும் இவ்விடத்திற் போதாமற் போகின்றன. உம்மாவின் குடியே பிள்ளையின் குடியாக எண்ணப்படும் சமூகத்தை, தந்தையின் கப்பல் எங்கிருந்து வந்தது என்ற வினாவால் மட்டும் அளக்கவியலாது. தமிழையே தாய்மொழியாகக் கொண்டும் தம்மைத் தனிச் சமூகமாகக் கருதுவோரை மொழியொன்றால் மட்டும் வரையறுத்தலும் பொருந்தாது.

எனினும் பிறர் இட்ட பெயரென்று அதனை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. 1935இல் அகில இலங்கைச் சோனகர் சங்கம் தோன்றியபோது, அந்நியரின் சொல் உரிமை கோருவோரின் கொடியாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒருவரின் பூர்விகம் நாட்டுக்குள்ளா வெளியிலா என்பதைக் குடியுரிமையோடு பிணைத்த பின்னர், 'இலங்கை' என்ற முன்னடையும் தனிக்கனம் பெற்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலும் 'இலங்கைச் சோனகர்' என்ற பிரிவு நிலைத்திருந்தது. அம்பாறை மாவட்ட மக்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அப்பிரிவினர்.

அயோனியாவும் மௌரெத்தானியாவும் இம்மக்களின் தாயகங்கள் அல்ல. அப்பெயர்களுக்கு இன்றைய பொருளைத் தந்தவர்கள் இக்கரையில் உழுதும் வலைவீசியும் வாழ்ந்தவர்களே. ஆகவே ஒரு சமூகத்தை அறிய விழைவோர், அதன் பெயருக்கு அகராதி கூறும் மூலத்தோடு நின்றுவிடாது, அப்பெயரைச் சுமந்தோர் வாழ்ந்த வாழ்வையும் ஆராய்தல் வேண்டும்.